அண்ணன் கழற்ற விடாத ஸ்பிரிங்



பொங்கலுக்கு வந்த பிள்ளைகள் பலர் எங்கள் பழைய டிராக்டரோடு படம் எடுத்துக்கொண்டீர்கள். "இன்னும் ஓடுதா சார்?" என்று கேட்டீர்கள். ஓடுகிறது. காட்டாங்குளத்தூரில் எங்களுக்கு மிஞ்சிய ஒன்றரை ஏக்கரை அதுதான் உழுகிறது. அதில் நான் செய்ய இருந்த ஒரு தவறும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வண்டி மாஸி ஃபெர்குசன் 1035. அப்பா 1970களின் இறுதியில் வாங்கினார். பெயர்தான் வெளிநாடு, 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபேயின் வண்டி. எஞ்சின் செம்பியம் சிம்சன் கம்பெனியுடையது. பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸும் 1949-இல் அதே செம்பியத்தில் வந்ததுதான். மூன்றும் ஒரே அமால்கமேஷன்ஸ் குழுமம். அதனால்தான் பிஸ்டன், லைனர், ரிங் எல்லாம் இன்றும் அளவு மாறாமல் கிடைக்கின்றன. இரண்டு முறை எஞ்சின் வேலை பார்த்திருக்கிறோம். தேய்கிற சாமானை மாற்றத்தான் வேண்டும், அதில் வெட்கமில்லை.

சில வருடம் முன்பு லிப்ட்டில் எண்ணெய் கசிந்தது. பார்க்க வந்த மெக்கானிக், "டாப் லிங்க் பக்கம் இருக்கிற ஸ்பிரிங்கையும் லிவரையும் கழற்றிவிடலாம் சார். ஏற்றி இறக்க மட்டும் இருந்தால் போதும், செலவு பாதியாகும்" என்றார். இயற்பியல் வாத்தியாரான நானே தலையாட்டினேன். எட்டாவதோடு நின்ற அண்ணன், "கல்லில் மாட்டினால் பையனுக்கு என்ன ஆகும்? அதைத் தொடாதே" என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். ஹாரி ஃபெர்குசன் 1884-இல் வட அயர்லாந்தில் பிறந்த விவசாயி மகன். அவர் காலத்து டிராக்டர்களில் கலப்பையைப் பின்னால் சங்கிலி போட்டு இழுத்தார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால் பின்சக்கரம் நகராது. எஞ்சின் விசை வண்டியின் மூக்கைத் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்த்துவிடும். பலர் உயிர் போயிருக்கிறது.

ஃபெர்குசன் கலப்பையை மூன்று கம்பிகளால் வண்டியோடு சேர்த்தார்: கீழே இரண்டு, மேலே ஒன்று. கலப்பை தடைபட்டால் மேல்கம்பி வண்டியை முன்னோக்கித் தள்ளும், மூக்கு தூக்காது. அந்தத் தள்ளல் ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் ஹைட்ராலிக் வால்வை அசைக்கும். கலப்பை கொஞ்சம் மேலே ஏறும், சுமை குறையும். ஒன்பதாம் வகுப்பில் உங்களுக்கு நடத்திய நியூட்டன் மூன்றாம் விதிதான். புத்தகத்தில் பார்த்தேன், வயலில் பார்க்கவில்லை.

இதற்காக 1938-இல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் காகிதம் இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். ஃபோர்டின் பேரன் காலத்தில், 1947-இல், அது முறிந்தது. வழக்கு நடந்து 1952-இல் 92.5 லட்சம் டாலருக்கு முடிந்தது. அடுத்த ஆண்டு ஃபெர்குசன் மாஸி-ஹாரிஸுடன் சேர்ந்தார். நம் பக்கத்து மறைமலைநகரில் ஃபோர்டு கார் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அவரோடு கை குலுக்கியவர் யோசித்த மூன்று கம்பி எங்கள் வயலில் இன்னும் வேலை செய்கிறது.

மறுநாள் மெக்கானிக்கை அழைத்து, சீல்களை மட்டும் மாற்றச் சொன்னேன். கூடுதல் செலவை நானே கொடுத்தேன். போன மாதம் அண்ணன் பேரன் சட்டிக் கலப்பையோடு ஓட்டும்போது ஏரிக்கரை ஓரத்தில் புதைந்த கல்லில் மாட்டியது. எஞ்சின் முனகியது, கலப்பை தானே ஏறியது, பையன் கிளட்ச்சை மிதித்து இறங்கி வந்தான். அவ்வளவுதான் நடந்தது.

பழைய பாகமெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பழைய வண்டியில் ஒன்றைக் கழற்றும் முன், அதை யார் எதற்காக வைத்தார் என்று ஒரு நாள் விசாரியுங்கள். அண்ணனை மாதிரி ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் பேச்சை முதலில் கேளுங்கள்.