ஐசோபாட்: பூச்சட்டி அடியில் ஒரு துப்புரவாளர்

கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளில் ஈரமான பூச்சட்டியைத் தூக்கினால், சாம்பல் நிறச் சிற்றுயிர்கள் சிதறி ஓடுவதைக் காணலாம். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. உண்மையில் இவை இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஐசோபாட்டுகள். கடிப்பதில்லை. இவற்றைச் செல்லப் பிராணியாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

மரவட்டையா?
இல்லை. வளர்ந்த ஐசோபாட்டுக்கு 14 கால்கள் மட்டுமே. மரவட்டைக்கு அதைவிட அதிகம்.

வளர்ப்பது எப்படி?
காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் மண், காய்ந்த இலை, மரப்பட்டை போதும். செவுள் போன்ற உறுப்பால் சுவாசிப்பதால், முற்றிலும் காய்ந்தால் இறந்துவிடும். நீர் தேங்கினாலும் ஆபத்து. எனவே ஒரு பாதியை ஈரமாகவும் மறுபாதியை உலர்வாகவும் வைக்க வேண்டும். ஓடு உறுதிப்பட முட்டை ஓட்டுத் தூள் தூவலாம். மருந்தடித்த இலைகள் வேண்டாம்.

கண்ணாடித் தோட்டத்தில்
அழுகிய இலையையும் பூஞ்சையையும் தின்று, எச்சத்தால் மண்ணை வளப்படுத்தும். பெண் ஐசோபாட் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமக்கும். எண்ணிக்கை பெருகி இலை தீர்ந்தால், இளந்தளிரையும் கடிக்கும்.

எங்கே வாங்கலாம்?
தாய்லாந்துச் சுண்ணாம்புக் குகைப் பகுதியைச் சேர்ந்த ‘ரப்பர் டக்கி’ போன்ற வகைகளுக்கு நல்ல விலை உண்டு. அதற்காகப் பத்துமலை போன்ற குன்றுகளில் தோண்டி எடுக்காதீர்கள். வேறெங்கும் இல்லாத சிற்றுயிர்கள் அங்கே வாழ்கின்றன. ஒருமுறை அழிந்தால் மீட்க முடியாது. வளர்ப்பவர்களிடமே வாங்குங்கள். வாங்கியதை வெளியே விடவும் வேண்டாம்.