எண்ணெய் தின்னும் மண்

எண்ணெய் ஊறிய மண்ணை நுண்ணுயிர்களைக் கொண்டு மீட்பது என்றதும் முதலில் வரும் பெயர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், கச்சா எண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கும் திறனை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். 1972இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயிரியல் தொழில்துறையையே திசைதிருப்பிய தீர்ப்பு அது. ஆனாலும் அந்தப் பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் களமிறக்கப்படவில்லை. மண்ணில் முன்பே இருக்கும் உயிர்களுக்கு என்ன குறை என்று தேடியவர்களே இந்தத் துறையை முன்னே நகர்த்தினார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த உயிர்கள் புதியவை அல்ல. பெட்ரோலையும் பாரஃபினையும் உண்டு வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி 1913இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அவை எங்கும் பரவியிருப்பதை 1946இல் கலிஃபோர்னியாவின் கிளாட் சோபெல் விரிவாகத் தொகுத்துக் காட்டினார். அப்படியானால் கசிந்த எண்ணெய் ஏன் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது? எண்ணெயில் கார்பன் ஏராளம். செல் பெருகத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் சொற்பம். ஆக்சிஜனும் வேண்டும். பென்சில்வேனியாவின் ஆம்ப்ளரில் குழாய் கசிந்து நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்தபோது, ரிச்சர்ட் ரேமண்டின் குழு 1972இல் கிணறுகள் வழியே காற்றையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளையும் உள்ளே செலுத்தியது. வெளியிலிருந்து பாக்டீரியா எதையும் சேர்க்காமலே அங்கிருந்தவை பெருகின. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியபோதும் கரைகளில் தெளிக்கப்பட்டது உரம்தான். விற்பனைக்கு வந்த பாக்டீரியாக் கலவைகளை மறு ஆண்டு அங்கே சோதித்தபோது, அவற்றால் கூடுதல் பலன் உண்டென்று நிறுவ முடியவில்லை. செடிகளின் பங்கும் இதே வகைதான். புல்லின் வேர்கள் எண்ணெயைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. வேர்க்கசிவால் நுண்ணுயிர்களுக்கு ஊட்டம் தருகின்றன, இறுகிய மண்ணில் காற்றுக்கு வழி திறக்கின்றன.

இந்தியாவில் டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' பாக்டீரியாக் கலவை எண்ணெய்க் கசடுக் குழிகளில் பயன்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடர்ந்த கசடில் இயல்பான உயிர்கள் நலிந்திருக்கும்போது வெளியிலிருந்து சேர்ப்பது உதவக்கூடும். ஆனால் அந்தப் பாக்டீரியாக்களும் எண்ணெய் படிந்த நம் நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவையே. அவற்றோடு ஊட்டச்சத்தும் இட்டு, மண்ணை உழுதும் கொடுக்கிறார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மண்ணே தின்றுவிடும் என்றால், மாசுபடுத்தியவர் கைகட்டி நிற்கலாமே? அலாஸ்கா இதற்கு இடம் தரவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கூழாங்கற்களின் அடியடுக்கில் எண்ணெய் இருந்தது; ஆக்சிஜன் போதிய அளவு அங்கே எட்டவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் புகுந்த எண்ணூர்க் கழிமுகத்திலும் அலையாத்திச் சேறு அப்படிப்பட்டதுதான். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே அதில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே படிந்ததை ஆட்களை வைத்து வழித்தெடுப்பதே முதல் வேலை. அதன் செலவு கசியவிட்டவருடையது. நுண்ணுயிரின் முறை அதற்குப் பிறகே வருகிறது.