தண்டுவட மரப்பு நோயில் கைச்செயல்: மதிப்பீடும் மறுவாழ்வும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் தண்டுவட மரப்பு நோயில், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சிதைக்கிறது. கை வலுவிழக்கும், மரத்துப்போகும், பொருளை நெருங்க நெருங்க நடுங்கும். இந்த நடுக்கத்தை 1868இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ நோயின் முக்கிய அடையாளங்களுள் வைத்தார்.

ஆயினும் பின்வந்த அளவுகோல்கள் கால்களையே பெரிதும் நோக்கின. நரம்பியல் மருத்துவர் கர்ட்ஸ்கி 1983இல் விரிவாக்கிய, 0 முதல் 10 வரையிலான அளவுகோலின் நடுப்பகுதி நடக்கும் தூரத்தையே சார்ந்தது. நடமாடுபவரின் கை மெல்ல நலிவது அதில் பெரும்பாலும் தெரியாது. இக்குறையை ஒன்பது குழிச் சோதனை ஓரளவு தீர்த்தது. ஒன்பது குச்சிகளை ஒவ்வொன்றாகக் குழிகளில் செருகி, மீண்டும் எடுக்க ஆகும் நேரம் ஒவ்வொரு கைக்கும் தனியே குறிக்கப்படும். நலமுள்ளவர் சுமார் 20 நொடியில் முடிப்பார். நேரம் 20 விழுக்காடு கூடினால் கை நலிந்ததாகக் கொள்வது வழக்கம். 1990களில் இந்நோய்க்கான கூட்டு அளவீட்டில் இது இடம்பெற்றது.

இந்த மதிப்பீட்டைத் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தோன்றிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் அருகிலேயே இருக்கிறது.

குச்சி செருகும் நொடிக்கணக்கு மட்டும் கடலூர்க்காரரின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லிவிடாது. சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, குடம் தூக்க, கோலமிட முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். பயிற்சியும் அந்த வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்வதாக அமைவது நல்லது. நடுக்கத்துக்கு மணிக்கட்டில் சிறு எடைப்பட்டை சிலருக்கு உதவும். பிடி தளர்ந்தவர்களுக்குத் தடித்த கைப்பிடிக் கரண்டி உதவும்.

உடல் சூடேறினால் அறிகுறிகள் தற்காலிகமாக மோசமாகும். உடல் உழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதைக் கண் மருத்துவர் உட்ஹோஃப் 1890இல் பதிவுசெய்தார். கடலூர்க் கரையோரத்துக் கத்திரி வெயிலில் உடல் சூடேறுவது சிறிய விஷயமன்று. பயிற்சியை விடியலில், மின்விசிறியடியில், இடையிடையே ஓய்வு விட்டுச் செய்ய வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்தது. அச்சட்டத்தின்படி மதிப்பிடும்போதும், ஏறி இறங்கும் நோய் என்பதால், நாளின் எந்த நேரத்தில் சோதித்தோம் என்பதையும் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். காலையில் அளந்த கையை அடுத்த முறையும் காலையிலேயே அளந்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.