இரும்பும் சிக்கனமும் – 11: கப்பல் ஏறாத கன்பான் அட்டை

1998-இல் சென்னையைச் சுற்றி மூன்று இடங்களில் மூன்று காரியங்கள் நடந்தன.

பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசை வென்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் சான்ட்ரோவை வெளியே விட்டது. மூன்றாவது காரியம், அரக்கோணம் ரயில் மார்க்கத்தில் திருவள்ளூரைத் தாண்டி, கடம்பத்தூருக்குப் பக்கத்தில் அதிகத்தூரில் நடந்தது. அங்கே எழுப்பிய புதிய ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது.

முதல் இரண்டும் ஜெயித்தன. மூன்றாவது மட்டும் ஏன் தடுமாறியது? சென்ற வாரம் இந்தக் கேள்வியில்தான் நிறுத்தியிருந்தோம்.

வண்டி மட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக ராலி பட்டத்தை டொம்மி மாக்கினென் வென்றது லான்சரின் பந்தய வடிவத்தில்தான். முதலாளியும் புதியவர் அல்ல. உத்தர்பாராவில் சுமார் நாற்பது ஆண்டுகளாக அம்பாசடர் செய்துவந்த பிர்லா குடும்பம். உத்தர்பாராவில் வார்ப்படம் முதல் வண்டி வரை எல்லாமே ஒரே வளாகத்துக்குள் நடந்தது. திருவள்ளூரில் அதற்கு நேர் எதிரான வழி. முக்கியப் பாகங்கள் ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். பிரித்து, கோத்து, ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டியதுதான் வேலை. தொழிலில் இதற்கு சி.கே.டி. என்று பெயர்.

சிக்கல் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் டொயோட்டாவுக்குப் போய் வருவோம். போருக்குப் பிந்திய ஜப்பானில் கார் வாங்குபவர்கள் குறைவு. கேட்ட ரகங்களோ நிறைய. ஒரே ரகத்தை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளும் அமெரிக்க வழி அங்கே எடுபடாது. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ வேறு வழி கண்டார். ஒரு பாகத்தை லைனில் எடுத்து மாட்டியதும், அதற்குரிய அட்டை பின்னால் போகும். அட்டை வந்தால்தான் அடுத்த பாகம் செய்யப்படும். அந்த அட்டைதான் கன்பான். ஓனோ வகுத்த ஏழு வீண்களில் மிக மோசமானது எது தெரியுமா? தேவைக்கு மேல் செய்து வைப்பது. மற்ற வீண்கள் எல்லாம் அதன் முதுகில்தான் சவாரி செய்யும்.

கவனியுங்கள். கொஞ்சம் வண்டி, பல ரகம் என்ற நிலைமைக்காகவே பிறந்த முறை இது. லான்சர், பிறகு பஜேரோ, அதன்பின் அவுட்லேண்டர் என்று சிறுசிறு எண்ணிக்கையில் தயாரித்த திருவள்ளூருக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் இருக்க முடியாது.

ஆனால் கன்பான் அட்டை கப்பல் ஏறாது.

பாடியில் செய்த பிரேக்கை ஸ்ரீபெரும்புதூருக்குக் காலையில் கேட்டால் மாலையில் கொண்டுபோய் இறக்கலாம். ஜப்பானிலிருந்து வரும் பெட்டியை அப்படிக் கேட்க முடியுமா? எத்தனை வண்டி விற்கும், எந்த நிறம் போகும் என்று பல வாரங்களுக்கு முன்பே ஊகித்து ஆர்டர் கொடுத்தாக வேண்டும். ஊகம் கூடினால் கிடங்கில் பணம் முடங்கும். குறைந்தால் வாடிக்கையாளர் ஹோண்டா ஷோரூமுக்குப் போய்விடுவார். சிட்டி காரும் அதே 1998-இல்தான் வந்திருந்தது. ஒரு பாகம் அடிபட்டு வந்தால் மாற்றுக்கும் அதே கடல்தான். போதாததற்கு, யென் ஏறினால் பெட்டியின் விலையும் ஏறும். பெட்டிக்கான மரம், பிளாஸ்டிக், அட்டை எல்லாம் பிரித்த கையோடு குப்பை. வீணைத் தவிர்க்கப் பிறந்த ஜப்பானிய வண்டி, வீணை மூட்டை கட்டிக்கொண்டே திருவள்ளூர் வந்து இறங்கியது.

கண்ணுக்குத் தெரியாத வீண் ஒன்றும் உண்டு. அது பெயின்ட் ஷாப்பில் இருக்கிறது.

ஒரு கார் ஆலை குடிக்கும் எரிசக்தியில் பெரும்பங்கு வண்ணம் பூசும் இடத்துக்கே போகிறது. பூத்துக்குள் ஓடும் காற்றின் வெப்பமும் ஈரமும் அளவு மாறக் கூடாது. பூச்சுக்குப் பூச்சு அடுப்பில் காய வைக்க வேண்டும். அன்று பத்து பாடி வந்தாலும் நூறு பாடி வந்தாலும் காற்றாடிகள் ஓடத்தான் வேண்டும், அடுப்பு சூடாகத்தான் வேண்டும். கல்யாணப் பந்திக்கு மூட்டிய கோட்டை அடுப்பில் ஒருவருக்கு மட்டும் காபி போடுவது மாதிரி. விற்பனை சரிந்தால் மொத்த மின்கட்டணம் கொஞ்சம் குறையலாம். ஒரு வண்டியின் தலையில் விழும் மின்சாரமோ கூடும். ஆக, ஒரு கார் ஆலை எவ்வளவு பசுமையானது என்பதைக் கூரையின் சோலார் பலகை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆர்டர் புத்தகமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

அதிகத்தூருக்கு வேண்டியிருந்தது அந்த ஆர்டர்தான். சொந்த வண்டி போதாவிட்டால் என்ன, அடுத்தவர் வண்டியைச் செய்து கொடுக்கலாமே?

வழி பிறந்தது. இந்தியாவுக்குள் அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்த இசுஸுவுக்கு வண்டி செய்ய ஓர் இடம் தேவைப்பட்டது. எம்.யு.-7 காரும் டி-மேக்ஸ் பிக்கப்பும் திருவள்ளூரில் உருவாகத் தொடங்கின. ஆனால் இசுஸு வந்தது வாடகைக்கு. கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திர எல்லை. அந்தப் பக்கம் தடா, அதையொட்டி ஸ்ரீ சிட்டி. அங்கே இசுஸு சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தது. 2016 ஏப்ரலில் அந்த ஆலை திறந்தது. வந்த விருந்தாளி எல்லை தாண்டிப் போய்விட்டார்.

அதற்குள் தாய்வீட்டிலேயே இடி விழுந்திருந்தது. 2014 மே 24 அன்று உத்தர்பாராவில் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. அம்பாசடரின் கதை அத்தோடு முடிந்தது. திருவள்ளூர் ஆலை அதே ஆண்டில் பிர்லா குழுமத்தின் மற்றொரு நிறுவனமான இந்துஸ்தான் மோட்டார் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனின் கைக்கு மாறியது.

அதிகத்தூரில் நிலம் இருந்தது, கொட்டகை இருந்தது, லைன் இருந்தது, வேலை தெரிந்த கைகளும் இருந்தன. இதையெல்லாம் இடித்துவிட்டு வேறெங்கோ புதிதாகக் கட்டினால் எத்தனை சிமென்ட், எத்தனை இரும்பு, எத்தனை புகை! இருக்கும் ஆலையைப் பயன்படுத்துவதே முதல் சிக்கனம். அதை உணர்ந்து ஒருவர் வர வேண்டுமே?

அவர் வந்தது பிரான்சிலிருந்து.

பெஜோவின் உரிமையாளரான பி.எஸ்.ஏ. குழுமமும் 2014-இல்தான் விழப் பார்த்தது. பிரெஞ்சு அரசும் சீனாவின் டாங்ஃபெங்கும் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தின. அந்த ஆண்டில் தலைமைக்கு வந்தவர் கார்லோஸ் டவாரெஸ். செலவைக் கிள்ளுவதில் பெயர் எடுத்தவர். வெறும் மண்ணில் புது ஆலை எழுப்பிப் பணத்தைக் கொட்டும் நிலையில் அவருடைய குழுமம் இல்லை.

இந்தியா அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கையைச் சுட்டிருந்தது. 1990-களில் மும்பையை அடுத்த கல்யாணில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸுடன் கூட்டுச் சேர்ந்து பெஜோ 309 செய்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே மூட்டை கட்டினார்கள். 2011-இல் குஜராத்தின் சானந்தில் பெரிய ஆலை கட்டுவதாக அறிவித்தார்கள். மறு ஆண்டே அதைக் கிடப்பில் போட்டார்கள்.

மூன்றாவது முறை, 2017 ஜனவரியில், சி.கே.பிர்லா குழுமத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் கட்ட முதலீடு ஏறக்குறைய 10 கோடி யூரோ. இலக்கு, ஆண்டுக்கு 1 லட்சம் வண்டி. இம்முறை பெட்டி பிரிக்கும் வேலைக்கு முடிவு கட்டி, பாகங்களை இங்கேயே வாங்குவது என்று திட்டம். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஓசூரிலிருந்து வரும்.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி. அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தது பெஜோ. நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. அம்பாசடர் மறுபடி பிறக்கப் போகிறதா? அதுவும் திருவள்ளூரிலா?

கடைசியில் அதிகத்தூர் லைனிலிருந்து ஒரு கார் வந்தது. அது அம்பாசடர் இல்லை. பெஜோவும் இல்லை. அந்தக் காருக்காவது பெயின்ட் ஷாப்பை நிரப்பும் அளவுக்கு ஆர்டர் கிடைத்ததா?

(அடுத்த வாரம்)