‘தரிசு’ என்று ஒரு மொழிபெயர்ப்பு

கொஸ்லந்தை, மீரியபெத்தை, தியத்தலாவை. மூன்றுமே நம்ம பதுளை மாவட்டத்துப் பெயர்கள். பஸ் போர்டிலும் செய்தியிலும் எத்தனையோ தடவை வாசிச்சிருப்போம். ஆனா மூன்றுக்குள்ளும் ஒரு தாவரநிலம் ஒளிந்திருக்கு. சிங்களத்தில் ‘கொஸ்’ என்றால் பலா, ‘லந்த’ என்றால் பற்றை மண்டிய நிலம். ‘பெத்த’ என்பதும் பற்றைக்காடுதான். ‘திய’ தண்ணீர், ‘தலாவ’ புல் படர்ந்த திறந்த வெளி. கோப்பியும் தேயிலையும் வருவதற்கு முன்னால் இந்த மலைகளில் என்ன நின்றது என்று இந்தப் பெயர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சரி, ‘லந்த’வையும் ‘பெத்த’வையும் தமிழில் எப்படி வேறுபடுத்துவது? இரண்டுக்கும் ‘பற்றைக்காடு’ என்றுதான் வாயில் வருது. இங்கிலீஷ்காரருக்கு இரண்டுமே ‘ஜங்கிள்’. அந்தச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பு விபத்துதான். சமஸ்கிருதத்தில் ‘ஜாங்கல’ என்றால் வறண்ட, திறந்த நிலம். அது ஹிந்தி வழியாக இங்கிலீஷுக்குப் போய் அடர்ந்த காடாகிவிட்டது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. போர்த்துக்கல்லில் பற்றைநிலத்துக்கு ‘மாட்டோ’ என்பார்கள். அது நுழைய முடியாதபடி அடர்ந்தால் ‘மத்தகல்’. வறண்ட மண்ணில் குட்டைச் செடிகள் படர்ந்த வெளி ‘ஷர்நேக்கா’. இதை இங்கிலீஷில் ‘ஹீத்’ என்று போட்டால், வாசிப்பவருக்கு ஸ்கொட்லாந்தின் குளிரும் ஈரமும்தான் நினைவுக்கு வரும். தக்கை ஓக் மரங்கள் தள்ளித்தள்ளி நிற்க, கீழே பன்றியும் ஆடும் மேயும் நிலம் ‘மொன்தாடோ’. அதைக் காடு என்றாலும் பிழை, மேய்ச்சல் நிலம் என்றாலும் பிழை. அதனால் தாவரவியலில் பல இடங்களில் உள்ளூர்ச் சொல்லையே வைத்துக்கொள்கிறார்கள். மத்தியதரைக்கடல் பற்றைநிலத்துக்கு இங்கிலீஷிலும் ‘மாக்கி’, ‘கரீக்’ என்ற பிரெஞ்சுச் சொற்கள்தான்.

போர்த்துக்கேயர் நம்ம பக்கமும் வந்தவர்கள்தான். 1630இல் கொன்ஸ்தந்தீனு த சா பதுளை வரை படையோடு வந்து ஊரை எரித்தார். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் அவர் படை அழிந்தது, அவரும் மாண்டார். அவர்கள் காலத்தில் தமிழுக்கு வந்த ‘அன்னாசி’யையும் ‘கொய்யா’வையும் யாரும் மொழிபெயர்க்கவில்லை. பெயரோடேயே வாங்கிக்கொண்டோம். பழத்துக்கு அது போதும். நிலத்துக்குப் பெயர் வைக்கும்போதுதான் விஷயம் பெரிசாகுது.

ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாக இங்கே இறங்கும். மத்தியதரைக்கடல் நாடுகளைப் போலவே இங்கேயும் அந்த வறட்சி மாதங்களில் புல்லுக்குத் தீ பிடிக்கும். அப்படி எரிந்து எரிந்து திரும்ப முளைக்கும் மானாப்புல் வெளிக்குச் சிங்களத்தில் ‘பத்தன’ என்று பெயர். கீழே பிபிலை, நீல்கல பக்கம் போனால் புல்லுக்கு நடுவே நெல்லி, கடுக்காய், தான்றி மரங்கள் நிற்கும் தலாவ இருக்கு. ஆமா, திரிபலாவின் மூன்றும்தான். வைத்தியருக்கு அது மருந்துக் கடை, ஊர்க்காரருக்கு மாடு மேயும் இடம்.

ஆனா 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இந்த வித்தியாசம் ஒன்றும் கிடையாது. காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அது கருதியது. கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலத்துக்கும் ஆவணம் காட்டணும். பரம்பரையாக மாடு மேய்த்தவர்களிடம் என்ன ஆவணம் இருந்திருக்கும்? ‘பத்தன’, ‘லந்த’, ‘தலாவ’ எல்லாம் ‘வேஸ்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் போனது. அரசு நிலத்தைத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. அந்த நிலத்தில் வேலை செய்யத்தான் நம்ம மூதாதையரைக் கூட்டிவந்தார்கள்.

1899இல் பியர்சன் என்ற தாவரவியலாளர் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் இலங்கைப் பத்தனங்கள் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அவர் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கவில்லை. ‘பத்தன’ என்றே வைத்து, ஈரமானது, வறண்டது என்று பிரித்தார். நீலகிரியில் தமிழ்ச் ‘சோலை’ இங்கிலீஷில் ‘ஷோலா’ ஆனதும் இதே வழிதான். ஆனா சொல்லைக் காப்பாற்றியதால் மட்டும் நிலம் தப்பவில்லை. பிற்காலத்தில் ஊவாப் பத்தனங்களில் பைனும் யூக்கலிப்டஸும் நட்டார்கள். ‘சும்மா கிடக்கிற புல்லுதானே’ என்ற நினைப்பு 1840க்குப் பிறகும் போகவில்லை.

நம்ம தோட்டத் தமிழ் இந்த நிலத்துக்கு என்ன சொல் வைத்தது? தேயிலை நிற்கும் இடம் ‘மலை’, அதுவும் நம்பரோடு. பராமரிக்காமல் விட்டால் ‘மானா மண்டிப் போச்சு’ என்போம். ‘மானா’ சிங்களத்திலிருந்து வந்த சொல். தேயிலைக்கு முன் இருந்த நிலம் நம்ம பேச்சில் எட்டிப்பார்ப்பது அப்படித்தான், களையாக. நம்ம ஆட்கள் வந்தபோது அவர்களுக்குக் காட்டப்பட்டது வெட்டவேண்டிய காடும் நடவேண்டிய வரிசையும்தான்.

இது சொல்லாராய்ச்சியோடு முடிகிற விஷயம் இல்லை. முடியின் கைக்குப் போன நிலம் தோட்டக்காரரிடம் போனது, 1970களில் அரசிடம் திரும்பியது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறியும் லயத்தில் இருப்பவருக்குக் காணி வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபோது, அங்கே இருந்தவர்கள் தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில்தான் புதைந்தார்கள்.

காணி உரிமை பற்றிப் பேசும்போது நம்மில் பலர் 1948இன் குடியுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குவோம். அது சரிதான். ஆனா 1840இல் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட இடத்திலிருந்தும் தொடங்கவேண்டியிருக்கு. அங்கே நிலத்தை இழந்த சிங்களக் கிராமத்தவரின் கதையும், அந்த நிலத்துக்கே கொண்டுவரப்பட்டும் நிலம் கிடைக்காத நம்ம கதையும் ஒரே ஏட்டில் இருக்கின்றன. உங்க தோட்டத்துப் பெயரின் கடைசிப் பகுதிக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்துக் கிராமத்து வயசான ஒருவரிடம் கேட்டுப் பாருங்க. அந்த ஏட்டை அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம்.