பூனைவணங்கி

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகைப்படுத்துவர் இலக்கண நூலார். செடிகொடிகளுக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர்களுட் பல காரணம் பற்றியவை. தொட்டதும் சுருங்குவது தொட்டாற்சுருங்கி. இலையின்கீழ்க் காய்ப்பது கீழாநெல்லி. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றொரு பெயர் பூனைவணங்கி.

பூனைவணங்கி என்பது குப்பைமேனியின் மறுபெயர். புறக்கடையிலும் சாலையோரத்திலும் குப்பைமேட்டிலும் தானே முளைக்கும் எளிய பூண்டு அது. அதன் இலையை அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவது நெடுநாளைய வழக்கம். அச்செடியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வரும். வேரை முகரும், நக்கும், கன்னத்தைத் தேய்க்கும், தலையைத் தாழ்த்தித் தரையிற் புரளும். இக்கோலத்தையே நம் முன்னோர் வணங்குதல் என்றனர். சித்த மருத்துவத்தில் வழங்கும் மார்சாலமோகினி என்னும் பெயரும் இதே பொருளது. மார்சாலம் என்பது பூனையைக் குறிக்கும் வடசொல்.

மலாய் மக்களும் இக்காட்சியைக் கண்டவர்களே. அவர்கள் இப்பூண்டுக்கு இட்ட பெயர் 'கூச்சிங் காலாக்'. கூச்சிங் என்றால் பூனை. காலாக் என்பது அது கிளர்ச்சியுற்று நிற்கும் நிலையைச் சுட்டும். ஒருவர் வணக்கமாகக் கண்டதை மற்றவர் வெறியாகக் கண்டனர். கண்ட காட்சி ஒன்றே.

மேனாட்டு ஏடுகளில் இச்செடி ஏறிய வரலாறும் அறியத்தக்கது. கொச்சியில் டச்சு ஆட்சியாளராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவர்களின் துணைகொண்டு மலையாள நாட்டு மூலிகைகளைத் தொகுத்தார். அந்நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் இப்பூண்டு குப்பைமேனி என்ற நாட்டுப் பெயராலேயே இடம்பெற்றது. 1753-இல் லின்னேயஸ் அப்பெயரை மேற்கோளாகக் காட்டி, 'அக்காலிபா இண்டிகா' எனப் புதுப்பெயர் சூட்டினார். புதுப்பெயரில் இந்தியா இருந்தது, பூனை இல்லை.

பூனையின் செய்தியை விஞ்ஞானம் பிற்காலத்திலேயே ஆராய்ந்தது. மேனாட்டுப் பூனைப் புதினாவில் உள்ள நெப்பெட்டலாக்டோன் என்னும் பொருள் 1941-இல் பிரித்தெடுக்கப்பட்டது. பூனைவணங்கியின் வேரில் பூனையை ஈர்க்கும் இரு பொருள்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2016-இல் கண்டறிந்து வெளியிட்டனர். அவை நெப்பெட்டலாக்டோனுக்கு உறவானவை. ஜப்பானில் மதத்தாபி என்னும் கொடியும் பூனையை இவ்வாறே மயக்கும். அதன்மேற் புரண்ட பூனையின் உடலிற் கொசு குறைவாகவே அமர்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் 2021-இல் மெய்ப்பித்தனர். பித்து என்று கருதப்பட்ட செயலுக்குள் ஒரு பயனும் இருந்தது.

இவற்றை அறிந்தபின், பூனைக்கு இயற்கை மருத்துவமே ஏற்றது என்று சிலர் துணியக்கூடும். அங்கேதான் நின்று எண்ண வேண்டும். பூனைவணங்கி என்னும் பெயர், பூனை இவ்வேரை விரும்பும் என்றே கூறுகிறது. இது பூனையின் நோய் தீர்க்கும் என்று கூறவில்லை. விருப்பம் வேறு, மருந்து வேறு.

மனிதனுக்கு ஆகும் மருந்தெல்லாம் பூனைக்கு ஆகா. நாம் நாள்தோறும் உண்ணும் வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. குடற்பூச்சிக்கென்று பூண்டை அரைத்துப் பூனைக்குப் புகட்டுவோர் இதனை அறிதல் வேண்டும். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கும். அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் நொதிக்குரிய மரபணு பூனையினத்தில் செயலிழந்து கிடக்கிறது என்பது 2000-இல் தெளிவாயிற்று. தைல மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களைப் பூனையின் மேல் தடவுவதும் தீங்கே. பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்யும் பிராணியாதலால், மேலே பூசியது வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

குப்பைமேனியும் எல்லா மனிதர்க்கும் ஒத்ததன்று. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்கள் இக்கீரை சேர்ந்த கஞ்சியை அருந்திக் குருதியணுக்கள் சிதையப்பெற்ற செய்தியை இலங்கை மருத்துவர்கள் 1996-இல் வெளியிட்டனர். மனிதர்க்குள்ளேயே இவ்வேறுபாடு உண்டெனில், மனிதனுக்கும் பூனைக்கும் எத்துணை இருக்கும்!

இதனால் முன்னோர் அறிவு குறைந்துவிடாது. அவர்கள் கண்டதைக் கண்டவாறே பெயராக்கினர். அவ்வறிவு பல நூற்றாண்டு கடந்தும் பொய்க்கவில்லை. அவர்கள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வது நம் பிழை. பள்ளி வேலியோரத்துக் குப்பைமேனியை மாணவர்க்குக் காட்டிக் காரணப் பெயரை விளக்கும் ஆசிரியர், இந்த எல்லையையும் உடன் விளக்குவது நன்று. ஆரோக்கியமான பூனை அவ்வேரில் புரண்டு மகிழட்டும். நோயுற்ற பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே கடமை.