ஏழடிப்பட்டமும் அடிவாரத்துக் கற்களும்

திருக்கடையூரில் கிணறு தோண்டினால் கிடைப்பது வண்டலும் மணலுமே. காலனை வென்ற கதைக்குப் பெயர்பெற்ற அவ்வூர்க் கோயிலின் கருங்கற்களும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவையே. கல்லில்லாத நாட்டில் இறந்தோர்க்குக் கல்லறை எழுப்புவது எளிதன்று. அருகிலுள்ள பூம்புகாரின் ஈமப்புறங்காட்டை விரித்துரைக்கும் மணிமேகலை, சுடுதல், வாளா இடுதல், குழியில் புதைத்தல், தாழியிலிட்டுக் கவித்தல் முதலிய பல முறைகளும் அங்கு ஒருங்கே வழங்கியதைக் கூறுகிறது.

அப்புகாரிலிருந்தே சமணத் துறவியான கவுந்தியடிகள், கோவலன் கண்ணகியரோடு மதுரைக்குப் புறப்பட்டார். உறையூரைக் கடந்தபின் அவர்களுக்குச் சொல்லப்பட்ட வழி கொடும்பாளூர்ப் பக்கமாகச் செல்வது. வண்டல் நிலம் முடிந்து பாறை தலைகாட்டும் நாடு அது. அங்கிருந்து தென்கிழக்கே, புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கிறது சித்தன்னவாசல்.

சித்தன்னவாசல் என்றதும் நம் குடும்பங்களின் நினைவுக்கு வருவது அறிவர் கோயிலின் தாமரைத் தடாக ஓவியம். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைப் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டே கூறுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது மலைமேலுள்ள ஏழடிப்பட்டம். இயற்கையான அக்குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பார் அந்த அதிட்டானத்தைச் செய்து கொடுத்ததாக அதனைப் படித்துள்ளனர். அதன் காலம் ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டு.

இவை எல்லாவற்றிற்கும் மூத்தவை மலையடிவாரத்துக் கற்கள். பொட்டலில் கல்வட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. வட்டத்தின் நடுவே, மண்ணுக்குள், கருங்கற்பலகைகளை நிறுத்திப் பெட்டிபோல் அமைத்த பதுக்கைகள் இருக்கும். சிலவற்றின் பக்கக் கல்லில் வட்டமான இடுதுளை உண்டு. இறந்தோரின் எலும்புகளோடு கருப்பு சிவப்புப் பானைகளையும் இரும்புக் கருவிகளையும் வைத்து மூடுவது இரும்புக்கால மக்களின் வழக்கம். அவ்வழக்கம் திடீரென நின்றுவிடவில்லை. தாழியில் புதைப்பதைப் புறநானூறும் அறியும். ஆகவே, முதல் முனிவர்கள் மலையேறிய நாளில் அடிவாரத்து வட்டங்களின் பொருளை அறிந்தோர் அக்கம்பக்கத்தில் இருந்திருக்கலாம். இறந்தோர்க்கென விடப்பட்டு ஊரொலி எட்டாதிருந்த அந்நிலமே துறவியர்க்கு உகந்ததாயிற்று எனக் கருதவும் இடமுண்டு.

கீழே உள்ளவர்களோடு சோற்றுப்பானையும் வாளும் சென்றன. மேலே துறவியர்க்கு வாய்த்தது தலைப்பக்கம் சற்றே உயர்த்திய வழுவழுப்பான ஒரு படுக்கை. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியருக்கு அமைந்த நிசீதிகையும் பாறையில் வெட்டிய சில எழுத்துகளே. இறந்தோர்க்குக் கல்லில் நினைவு வைக்கும் பழக்கம் மறையவில்லை. உடன் வைக்கும் பொருள் மட்டும் மறைந்தது.

யாத்திரை வரும் பேருந்துகள் பெரும்பாலும் ஓவியத்துக்காகவே நிற்கின்றன. கல்வட்டங்களைச் சுட்டிக்காட்டுவார் சிலரே. காவலுள்ள இடங்களில் அவை பிழைத்துள்ளன. தமிழகத்தின் பிற பொட்டல்களில் வட்டக்கற்கள் வரப்புக்கும் வேலிக்கும் போய்விட்டன, பதுக்கைப் பலகைகள் துணி துவைக்கும் கல்லாயின. அடுத்தமுறை சித்தன்னவாசல் செல்வோர், வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்துக்கு ஏறட்டும். மலைமுதுகிலிருந்து கீழே நோக்கினால், புதர்களுக்கிடையே அவ்வட்டங்களைத் தேடிக் காணலாம்.